மேலக்கட்டுச் சீர்

இன்று காலை உப்புமாவை உன் தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். நம் கல்லூரி விடுதிச் சாப்பாட்டுக்கூடத்துத் தட்டு. அடியில் வெட்டியிருந்த விடுதிப் பெயர் தேய்ந்துவிட்டது, ஆனாலும் கழுவும்போது விரலுக்குத் தட்டுப்படுகிறது. உன் பதினாறாம் நாள் முடிந்து நான் உடன்குடியிலிருந்து புறப்பட்டபோது, உன் மகள் செல்வி அடுப்படிக்குள் போய் இதைத் தேடி எடுத்து வந்து என் பையில் வைத்தாள். "அம்மா இதுல வேற யாருக்கும் சோறு போட மாட்டா சித்தி. தனக்குன்னு வச்சிருந்தா. நீங்க கொண்டு போங்க," என்றாள்.

தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் உப்புமா ஆறிப்போய்விட்டது. பாளையங்கோட்டையில் இந்த வீட்டில் எது ஆறினாலும் கேட்க ஆள் கிடையாது. வேலையில் இருந்தவரை அலுவலகத்தில் நாலு பேரைச் சத்தம் போட்டாவது பொழுது போகும். ஓய்வு பெற்றபிறகு சத்தம் போடக்கூட ஒருவரும் இல்லை. இப்போதெல்லாம் உன்னிடம்தான் பேசுகிறேன், வாய்விட்டே பேசுகிறேன். பால் ஊற்ற வருகிறவள் நான் போனில் பேசுவதாக நினைத்து வாசலிலேயே காத்து நிற்கிறாள். அவளைக் காக்க வைப்பதற்குப் பதில் எழுதிவிடலாம் என்றுதான் இந்தக் கடிதம்.

நம் விடுதியில் மேற்குப் பக்கத்து அறைகளுக்கு மேலக்கட்டு என்று பெயர். அங்கே எனக்கும் உனக்கும் ஒரே அறையில் கட்டில் போட்டார்கள். முதல் மாதத்திலேயே நம்மைப் போன்ற புதுப்பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளும் சடங்கு நடந்தது, நினைவிருக்கிறதா? நடுவில் பாய் போட்டு ஒவ்வொருத்தியாக உட்கார வைத்தார்கள். மூத்த பிள்ளைகள் வட்டமாகச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கு ஒரு வாய் தயிர்சாதம் ஊட்டினார்கள். ஊட்டிவிட்டு, "ஒனக்குப் பொறந்த வீடு எது?" என்று கேட்டார்கள். 'மேலக்கட்டு' என்று சொன்னால் விட்டுவிடுவார்கள். சொந்த ஊரைச் சொன்னால் இன்னொரு சுற்று சோறு. நான் பிடிவாதமாகக் கல்லிடைக்குறிச்சி, கல்லிடைக்குறிச்சி என்றே சொல்லி மூச்சு முட்டத் தின்றேன். உன் முறை வந்தது. கேட்டு முடிப்பதற்குள் "மேலக்கட்டு" என்றாய். சொல்லிவிட்டு அழுதாய். விளையாட்டுக்குக் கேட்டவர்கள் பயந்து போனார்கள்.

உனக்கு அப்பா அம்மா இல்லை என்பதும், ஸ்ரீவைகுண்டத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்த அண்ணன்தான் வளர்த்துப் படிக்க வைக்கிறார் என்பதும் பிறகுதான் தெரிந்தது. அண்ணன் உன்னைக் குறைவாக ஒன்றும் வளர்க்கவில்லை. சனிக்கிழமை வந்தால் தூக்குச்சட்டியோடு விடுதி வாசலில் நிற்பார், நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார், கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அந்தத் தூக்கை நீ தனியாகத் திறந்ததே இல்லை. வீட்டிலிருந்து எது வந்தாலும் பொதுவில் திறக்க வேண்டும் என்பது மேலக்கட்டு வழக்கம். ஒருத்தியைத் தனியாகச் சாப்பிட விடக்கூடாது, தனியாக ஆஸ்பத்திரிக்கு அனுப்பக்கூடாது. உள்ளே எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடலாம், வெளியாள் முன்னால் ஒருத்தியை ஒருத்தி விட்டுக்கொடுக்கக் கூடாது. எல்லாரும் இதைச் சொன்னோம். நீ ஒருத்திதான் அப்படியே நம்பினாய்.

நாம் இரண்டாம் வருஷம் படிக்கும்போது புதிதாக வந்த ஒரு பிள்ளைக்கு அம்மை போட்டுவிட்டது. வீட்டிலிருந்து ஆள் வந்து கூட்டிப் போகும்வரை அவளைக் கோடி அறையில் தனியாக வைத்திருந்தார்கள். நீ பாயைச் சுருட்டிக்கொண்டு அங்கே போய்விட்டாய். விடுதிக் காப்பாளர் மேடம் கத்தினார். "எனக்குச் சின்னதுலேயே வந்தாச்சு மேடம், அம்மனுக்கு என்னைய நல்லாத் தெரியும்," என்றாய். மேடத்துக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பிள்ளை இப்போது அமெரிக்காவில் இருக்கிறாள். நீ போன செய்தியை மேலக்கட்டு வாட்ஸாப் குழுவில் போட்டபோது கைகூப்பும் படம் ஒன்றை அனுப்பினாள். மறுநாள் காலை பூச்செண்டுப் படத்தோடு எல்லாருக்கும் காலை வணக்கம் போட்டாள். எனக்கு வந்த கோபத்தில் குழுவைவிட்டே வெளியே வந்துவிட்டேன்.

மூன்றாம் வருஷம் உன் காதல் கதை தொடங்கியது. திருச்செந்தூர் ரயிலில் ஸ்ரீவைகுண்டத்துக்கு நீ போகும்போதெல்லாம் உடன்குடிப் பையன் ஒருவன் அதே பெட்டியில் வந்தான். கருப்பட்டி வியாபாரக் குடும்பம். முதலில் ஜன்னல் ஓரம் கொடுத்தான், பிறகு படிக்கப் புத்தகம் கொடுத்தான். அறைக்கு வந்து அவனைப் பற்றி ஒன்றுமே இல்லாததுபோல நீ சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. உன் அண்ணனுக்கும் ஒருநாள் புரிந்தது. அவர்கள் உங்கள் ஆட்கள் இல்லை. அண்ணன் கையை ஓங்கவில்லை, கத்தவும் இல்லை. "அந்த வீட்டுக்குப் போறதுன்னா போ. ஆனா ஒனக்குப் பொறந்த வீடுன்னு ஒண்ணு இல்ல," என்று மட்டும் சொன்னாராம். அடுத்த சனிக்கிழமையிலிருந்து தூக்குச்சட்டி வரவில்லை.

பையன் வீட்டில் சம்மதித்துவிட்டார்கள். ஆனால் அவன் அம்மா ஒன்றில் உறுதியாக நின்றாள். பெண்ணுக்குப் பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள யாராவது சீர்த்தட்டு எடுத்து வரவேண்டும், இல்லாவிட்டால் கல்யாணம் வேண்டாம் என்றாள். நீ அறைக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாய். எனக்கு அந்த அம்மாள்மேல் எரிச்சலாக வந்தது. மேலக்கட்டில் நம்மோடு இருந்த மேலப்பாளையத்து மைமூன்தான் பாயில் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்துவிட்டு, "ஏட்டி, நாமதான் இவளுக்குப் பொறந்த வீடுன்னு சோறு ஊட்டிச் சொல்ல வச்சோம். அது என்ன, சும்மா வாய் வார்த்தைக்கா?" என்று கேட்டாள். உடனே எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினோம்.

சீர் என்றால் என்ன என்று எங்களில் ஒருத்திக்கும் சரியாகத் தெரியாது. ஆளுக்குக் கொஞ்சம் போட்டுச் சேலை எடுத்தோம், தேங்காய், பழம், வெற்றிலை, மஞ்சள், கண்ணாடி வளையல் வாங்கினோம். தாம்பாளத்துக்கு எங்கே போவது? சாப்பாட்டுக்கூடத்து அக்காவிடம் கெஞ்சி விடுதித் தட்டுகளை இரவல் வாங்கினோம். ஒற்றைப்படையாக இருக்கவேண்டும் என்பதற்காகக் கடைசி நேரத்தில் இன்னொரு தட்டு தேவைப்பட்டது. அதில் வைக்க என்ன என்று தெரியாமல், பாளையங்கோட்டைக் கடையில் நல்ல கருப்பட்டியாகப் பார்த்து வாங்கி அடுக்கினோம். உடன்குடிக்காரர்களுக்குக் கருப்பட்டி. கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போன கதை. திருச்செந்தூருக்கு ரயில் ஏறிப் பாதி வழி போனபிறகுதான் ஒருத்தி அதைச் சொன்னாள், யாருக்கும் சிரிக்கத் தெம்பு இல்லை.

கோயில் பக்கத்து மண்டபத்தில் உன் மாமியார் எங்களை வரிசையாகப் பார்த்தாள். புடவையை ஏறுக்கு மாறாகக் கட்டிக்கொண்டு, கையில் தட்டோடு, பரீட்சைக்கு நிற்பதுபோல நின்றோம். முக்காடு போட்ட மைமூன் மஞ்சள் தட்டு வைத்திருந்தாள். "இதுல மூத்தவ யாரு?" என்று மாமியார் கேட்டாள். நீ என்னைவிடச் சில மாதம் மூத்தவள்தான், ஆனாலும் நான் உயரம். எல்லாரும் என்னை முன்னால் தள்ளினார்கள்.

"நாளைக்கு எம் மவன் இவள ஒரு சொல்லு சொன்னா நீ வந்து கேப்பியா?"

"கேப்பேன்."

"எப்பிடிக் கேப்ப?"

"பஸ் புடிச்சு வந்து கேப்பேன். நீங்க சரியாப் பதில் சொல்லலன்னா இவளக் கூட்டிட்டுப் போயிருவேன்."

பின்னால் யாரோ என் முதுகில் கிள்ளினார்கள். மாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அதான் வேணும். அதுக்குத்தான் ஆள் கேட்டேன். அப்பிடி ஒருத்தி இல்லாம ஒரு பொட்டப்புள்ள ஒரு வீட்டுக்குள்ள வரப்பிடாது," என்றாள். அதுவரை அவள்மேல் எனக்கிருந்த எரிச்சல் போன இடம் தெரியவில்லை. அதன்பிறகு அவள் கருப்பட்டித் தட்டைப் பார்த்தாள். சிரித்த சிரிப்பில் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

தாலி கட்டியாயிற்று, சாப்பிட்டாயிற்று, ரயிலுக்கு நேரமாயிற்று. தட்டு மட்டும் திரும்பி வரவில்லை. "ஏட்டி காந்தி, தட்டு எப்பம் வரும்?" என்று மைமூன் என்னைப் பிடுங்கி எடுத்தாள். நான் மாமியார் காதோடு கேட்டேன். "சீர்த்தட்டு திரும்பிப் போறதுண்டா?" என்று அவள் ஒன்றைத் திருப்பி, அடியில் இருந்த எழுத்தைப் படித்துவிட்டாள். "இது யாரு வீட்டுத் தட்டு?" என்று கேட்டாள். நான் மைமூனைத் திரும்பிப் பார்த்தேன். மாலையும் கழுத்துமாக இருந்த நீதான், "எங்க வீட்டுத் தட்டுதான் அத்தே. நாங்க எல்லாரும் இதுலதான் சாப்பிடுதோம்," என்றாய். அவள் அந்தத் தட்டுகளை எல்லாம் சேர்த்து எடுத்து உள்ளே கொண்டுபோய்விட்டாள்.

அதன்பிறகு மேலக்கட்டில் இரண்டு பேருக்கு ஒரு தட்டு. எனக்கு ஜோடி மைமூன், அவள் குழம்பைக் கையால் அணை கட்டிச் சாப்பிடுகிறவள். காப்பாளர் மேடம் ஒருநாள் பார்த்துவிட்டு, "ஏன் ரெண்டு பேர் ஒரே தட்டுல?" என்று கேட்டார். "பாசம் மேடம்," என்றாள் மைமூன். "மேலக்கட்டுல மட்டும் பாசம் பொத்துக்கிட்டு ஊத்துதோ," என்றார் அவர். அதோடு போய்விட்டார். அந்த வாரமே சாமான் அறையிலிருந்து புதுத் தட்டுகள் வந்தன. அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

பிறந்த வீடு என்று ஒருதரம் நின்றுவிட்டால் பிறகு நின்றுகொண்டே இருக்கவேண்டும். அது அப்போது எங்களுக்குத் தெரியவில்லை. தை பிறக்கும் முன்னால் பிறந்த வீட்டார் பொங்கல்படி என்று பொங்கல் சீர் கொண்டுவர வேண்டும். முதல் வருஷம் எல்லாரும் வந்தோம், அரிசி, வெல்லம், மஞ்சள்குலை, கரும்பு என்று ஊர்வலம்போல. தெருவே வேடிக்கை பார்த்தது. அடுத்தடுத்த வருஷங்களில் ஒருத்திக்குக் கல்யாணம், ஒருத்திக்குப் பிள்ளை, ஒருத்திக்கு ஊர் மாற்றம். கடைசியில் மைமூனும் நானும். அவளுக்கு முழங்கால் போனபிறகு நான் மட்டும். கரும்பைப் பஸ்ஸில் ஏற்றக் கூடாது என்று நடத்துநரோடு வருஷா வருஷம் சண்டை. எனக்கு உன்னைத் தவிர வேறு எங்கேயும் படி கொண்டுபோக வேண்டியதில்லை. நான் ஒற்றைப் பிள்ளை, கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. அம்மாவும் போனபிறகு பண்டிகை என்றால் எனக்கு உடன்குடிக்குப் பஸ் ஏறுவதுதான்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், உயிரோடு இருந்தவரை சொல்லாதது. நான் வந்து இறங்கினதும் ஓடிவந்து கரும்பை வாங்குவாய், கட்டிக்கொள்வாய், திட்டுவாய். எல்லாம் முடிந்தபிறகு என் தோளுக்கு மேலாகத் தெருவை ஒரு பார்வை பார்ப்பாய். ஸ்ரீவைகுண்டம் வழியாக வருகிற பஸ் போகும்வரை வாசல் கதவைச் சாத்த மாட்டாய். எனக்கு அது பொறுக்காது. ஒரு வருஷம் கேட்டேவிட்டேன்.

"நான் வந்தாச்சுல்லா. இன்னும் யாரட்டி பாக்குத?"

"யாரையும் இல்ல. வெயில் எப்பிடி அடிக்குன்னு பாக்கேன்."

மார்கழிக் கடைசியில் என்ன வெயில்? அன்று திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு அழுகை வந்தது. எத்தனை வருஷம், எத்தனை கரும்பு சுமந்து என்ன, நாங்கள் உனக்குப் பிறந்த வீடு ஆகிவிடவில்லை என்று தோன்றியது. உன் அண்ணன்மேல் எனக்கிருந்தது கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது பொறாமை.

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் நீ கிடந்த நாட்களில் பகலெல்லாம் உன் பக்கத்தில் நான் இருந்தேன். வயிற்றில் வந்த நோய் உன்னைப் பாதியாக்கிவிட்டது, வாய் மட்டும் அப்படியே இருந்தது. இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று டாக்டர் சொன்ன அன்று நீதான் என்னைத் தேற்றினாய். பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டில் அவள் இறந்தால், பிறந்த வீட்டார் கொண்டுவரும் சேலையைத்தான் கடைசியாக உடுத்த வேண்டும். கோடி என்பார்கள். கோடி வராவிட்டால் நாதியற்ற பிணம் என்று ஊர் பேசும். அதை நீ காய்கறி வாங்கச் சொல்வதுபோல என்னிடம் சொன்னாய்.

"கோடி நீங்கதான் கொண்டு வரணும், கேட்டியா. அரக்குல எடுத்துராத, எனக்கு எடுக்காது. பச்சையில எடு."

"வாய மூடு சவமே," என்றேன். நம் ஊர்ப் பேச்சில் எப்போதும் சொல்கிற சொல்தான். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய், சிரித்ததில் வயிறு வலித்து முனகினாய். பிறகு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு, "அண்ணனுக்கும் ஒரு வார்த்த சொல்லி விட்டுரு. வாரதும் வராததும் அவரு பாடு," என்றாய்.

பச்சையில் கடுகுக் கலர் கரை போட்ட சேலை எடுத்தேன். கடைப்பையன் ஒவ்வொன்றாக விரித்துப் போட்டு, "யாருக்கு மேடம்?" என்று கேட்டான். அக்காவுக்கு என்றேன். "அக்கா நல்ல நெறமா இருப்பாவளா?" என்றான். மாநிறம் என்றேன். "அப்பம் இது அம்சமா இருக்கும். கட்டிட்டு ஒரு தடவ கடைக்கு வரச் சொல்லுங்க," என்றான். சரி என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன், வெயிலில் எந்தப் பக்கம் பஸ் நிறுத்தம் என்று தெரியாமல் நின்றேன்.

நீ போய்விட்டாய் என்று செல்வியின் போன் வந்தது. உன் அண்ணன் கடைக்குப் போன் செய்து, யார் எடுத்தார்கள் என்றுகூடக் கேட்காமல், விஷயத்தைச் சொல்லி வைத்துவிட்டேன். மைமூன் தன் மகனோடு காரில் வந்து என்னை ஏற்றிக்கொண்டாள். அத்தனை பேர் இருந்த மேலக்கட்டிலிருந்து இரண்டு பேர். உங்கள் தெருமுனையில் இறங்கிக் கோடியைத் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு நடந்தோம், மைமூன் என் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டிக்கொண்டு வந்தாள். உன்னைக் குளிப்பாட்டத் தயாராக இருந்தார்கள். "பொறந்த வீட்டுக் கோடி வந்தாச்சா?" என்று ஒரு மூத்த அம்மாள் குரல் கொடுத்தாள். "வந்தாச்சு," என்று உன் வீட்டுக்காரர் என்னைக் காட்டினார். அழுதுகொண்டிருந்தாலும் அந்த நேரத்தில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது?

அப்போதுதான் பந்தலுக்கு வெளியே, வெயிலில், ஒரு வயசாளி ஜவுளிக்கடைப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். நிமிர்ந்து பார்க்காமல் நின்ற விதத்திலேயே அடையாளம் தெரிந்துவிட்டது. தூக்குச்சட்டியோடு அப்படித்தான் நிற்பார். யாரோ என்னைக் காட்டிக்கொடுத்திருக்க வேண்டும், நேராக என்னிடம் வந்தார்.

"நீங்கதான் பொறந்த வீட்டு ஆளுன்னு சொன்னாவ. நான் ஒரு கோடி கொண்டாந்திருக்கேன். போடலாமான்னு ஒங்ககிட்டதான் கேக்கணும்."

"இம்புட்டு வருசமா ஸ்ரீவைகுண்டத்துலேருந்து பஸ்ஸே இல்லையா?" என்று கேட்டேன். சாவு வீடு என்றும் பார்க்கவில்லை.

"பஸ் இருந்துச்சும்மா. பொங்கலுக்குப் பொங்கல் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வருவேன். ஏற முடியல்ல."

பக்கத்தில் நின்ற பெண்கள் பேசத் தொடங்கிவிட்டார்கள். இரண்டையும் போடலாம் என்றாள் ஒருத்தி. ஒரு பெண்ணுக்கு இரண்டு பிறந்த வீடு ஏது என்றாள் அந்த மூத்த அம்மாள். கூடப் பிறந்தவன் வந்தபிறகு வேறு பேச்சு என்ன என்றார் ஒரு பெரியவர். செல்வி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உன் வீட்டுக்காரர், "நீங்க சொல்லுததுதான்," என்று என்னிடம் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். நான் வேண்டாம் என்றால் அந்த மனிதர் அந்தப் பையோடு திரும்பிப் போயிருப்பார், ஒரு சொல்கூடச் சொல்லியிருக்க மாட்டார். அவரைத் திருப்பி அனுப்ப எனக்கு ஆசையாக இருந்தது.

"அவரு கோடியப் போடுங்க," என்றேன்.

மைமூன் என் கையைப் பிடித்து அழுத்தினாள். "நீ என்னட்டி செய்யுத? அவ ஒன்ட்டதான கேட்டா?"

"அவ வாசலப் பாத்துட்டே இருந்தவ மைமூன். இன்னைக்குத்தான் பஸ் வந்திருக்கு."

அவர் பையிலிருந்து எடுத்தது அரக்குச் சேலை. எனக்குச் சிரிப்பு வந்தது, நம்புவாயோ என்னவோ. உடுத்திக் கொண்டுவந்து படுக்க வைத்தார்கள். உனக்கு அரக்கு எடுக்காது என்று காலமெல்லாம் யார் சொன்னது? நன்றாக எடுத்தது, ஏட்டி. அண்ணன் உன் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஜவுளிக்கடைக்காரர் அல்லவா, கொசுவம் கலைந்திருந்த இடத்தை நீவி நீவிச் சரிசெய்துகொண்டே இருந்தார். நான் எழுந்து பின்வாசலுக்குப் போய்விட்டேன். தனியாக நின்று அழ எனக்கு ஒரு இடம் வேண்டியிருந்தது.

அன்று மைமூன் மகனோடு தூத்துக்குடி வழியாகப் போகவேண்டியிருந்ததால் நான் பஸ்ஸில் திரும்பினேன். புறப்படும்போது அந்த மூத்த அம்மாள் என் கைப்பையைக் காட்டி, "சாவு வீட்டுக்கு எடுத்த சேலையத் திரும்ப வீட்டுக்குள்ள கொண்டு போவாத தாயி. வழியில ஆத்துல விட்டுரு," என்றாள். நல்லதுக்குத்தான் சொன்னாள். பஸ் தாமிரபரணியை ஒட்டி வரும் இடத்தில் இறங்கிவிடலாம் என்றுதான் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். ஆறு வந்தது, தண்ணீரும் நிறையப் போனது. இறங்க மனம் வரவில்லை. அதைக் கடைக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது, நான் கட்டிக்கொள்ள முடியாது, யாருக்கும் கொடுக்கவும் முடியாது. பீரோவில் என் சேலைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன்.

மைமூனும் போன மாதம் வளைகுடாவிலிருக்கும் மூத்த மகன் வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கிருந்து போன் செய்கிறாள், பேசி முடிப்பதற்குள் பேரப்பிள்ளை பிடுங்கிவிடுகிறது. இந்தத் தை வந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. உன் வீட்டுக்காரர் செல்வியோடு பெங்களூருக்குப் போகிறார், உடன்குடி வீட்டைப் பூட்டப் போகிறார்கள். பண்டிகைக்குப் பஸ் ஏற இனி ஊர் இல்லை.

நேற்று மாலை செல்வி கூப்பிட்டாள். சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா என்று உன்னைப்போலவே அதட்டினாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "சித்தி, அன்னைக்கு நீங்க கொண்டு வந்த பச்சைச் சேலைய என்ன செஞ்சீங்க?" என்று கேட்டாள்.

"பீரோல இருக்கு."

"எதுக்கு சித்தி அத வச்சிருக்கிய? எல்லாரும் ஆத்துல விடச் சொன்னாவல்லா."

"எனக்கு ஒரு நாள் வருமில்லையா, அப்பம் நீ வந்து அத எடுத்து எம்மேல போட்டுரு."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சினாள். அழுகிறாள் என்று தெரிந்தது. அழட்டும் என்று விட்டுவிட்டுச் சொல்லவேண்டியதைச் சொல்லி முடித்தேன்.

"பொறந்த வீட்டுக் கோடி யாரு கொண்டாந்ததுன்னு கேப்பாவ. எங்க அம்மான்னு சொல்லு."